கப்பலுக்கு வைத்த சகன்

மற்றப் பெண்கள் போனில் நாடகம் பார்ப்பார்கள். நான் ஒரு வருடமாகப் போர்க்கப்பல் பார்த்தேன்.

அந்த வகைக் கப்பலை ஃபிரிகேட் என்பார்கள். தறியில் ஆண்கள் உடுத்தும் சாரன் நெய்யும்போது போனை எதிரே சாய்த்து வைத்து ஓட விடுவேன். மூக்கில் இருக்கும் பீரங்கி, வயிற்றுக்குள் நிமிர்த்தி வைத்திருக்கும் ஏவுகணைகள், பாய்ந்து வரும் ஏவுகணையை நடுவானிலேயே சுட்டு விழுத்தும் சுழல் துப்பாக்கி, முதுகில் ஹெலிகொப்டர் இறங்கும் தட்டு, தண்ணீருக்குள் நீளமாக இழுத்துக்கொண்டு போய் நீர்மூழ்கியின் சத்தத்தைக் கேட்கும் கருவி, எல்லாம் எனக்குப் பாடம். எனக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்து வீட்டு சபூரா டீச்சர்தான் அர்த்தம் சொல்லித் தந்தார். அந்தக் கப்பலின் நாட்டுக் கடற்படையே பெருமைக்கு எடுத்துப் போட்ட படம் ஒன்று இருந்தது. அதில் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான், இருட்டிலும் மழையிலும் எங்கள் கமரா கடலில் மிதக்கும் தேங்காயைக்கூடக் கண்டுபிடிக்கும் என்று. அந்த இடத்தை எத்தனை தரம் திருப்பித் திருப்பிப் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தேங்காய் தெரிந்த கண்ணுக்கு என்னைக் கட்டின மாப்பிள்ளையின் படகு தெரியவில்லையாம்.

அந்த நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் வாயை ஏன் நான் கெடுக்க வேண்டும்?

என் மாப்பிள்ளை றுஸ்தி ஆழ்கடல் படகு ஓட்டினவர். காத்தான்குடியில் பிறந்து கடலில் வளர்ந்தவர். அவரோடு ஆரையம்பதி ரதீசும் தன்னாமுனை யூட் என்ற பொடியனும் தொழிலுக்குப் போவார்கள். போன வருடம் மழைக்கு முந்தின பயணத்தில் மூன்று பேரும் திரும்பி வரவில்லை. அன்றிரவு அந்தப் பக்கம் வலை விட்டிருந்த மூத்த மீனவர் கச்சி முகம்மது காக்காவின் வயர்லஸ் செட்டில் றுஸ்தியின் குரல் கேட்டிருக்கிறது. "காக்கா, கப்பல் ஒண்டு நேர வருது. நான் பாத்துட்டு வாறன்." அதற்குப் பிறகு சத்தம் இல்லை. விடிய கச்சி முகம்மது காக்கா தேடிக்கொண்டு போனபோது சாம்பல் நிறத்தில் ஒரு போர்க்கப்பல் அவரைக் கடந்து போனது. மூக்கில் வெள்ளையாக எழுதியிருந்த இலக்கத்தை அவர் மனதில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்தார்.

நாங்கள் கேட்டோம். கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் கேட்டோம். கடைசியில் பதில் வந்தது. அந்தக் கப்பல் அவ்வழியால் போனது உண்மை, ஆனால் எந்தப் படகையும் காணவில்லை. இங்கே இருந்தவர்கள் அதற்கு மேலே ஒரு கதை கட்டினார்கள். மூன்று பேரும் படகோடு பிரான்ஸ் ஆளும் ரியூனியன் தீவுக்கு ஓடிவிட்டார்களாம். அப்படி ஓடினவர்கள் உண்டு, அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் நம்புவதற்கு இலகுவாக இருந்தது. என் மகள் றுக்ஷானாவிடம் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள், "ஒங்கட வாப்பா அங்க வெள்ளைக்காரியக் கட்டிட்டாராமே?" என்று. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நான் தறியில் போட்ட அடி தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

மவுத்து என்று, இறந்துவிட்டார் என்று உறுதி இல்லாமல் ஜனாஸாத் தொழுகை இல்லை. மவுத்து இல்லாமல், கைம்பெண் வீட்டோடு இருக்கும் இத்தாவும் இல்லை. பள்ளிவாசல் தலைவர் பாறூக் ஹாஜி நல்ல மனிதர், ஆனால் அவர் சொன்னது ஒன்றுதான். "மகள், கண்டவன் ஒருத்தன் வந்து செல்லட்டும். சந்தேகத்தில தொழ ஏலாது." அவர் பேசியது சரி. சரியான பேச்சைக் கேட்டாலும் கோபம் வரும் என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். நான் பெண்சாதியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. உயிரோடு இருக்கிற மனிதனுக்குத் துஆ கேட்பதா, மவுத்தானவருக்குக் கேட்பதா? கையை ஏந்திவிட்டு வாயைத் திறக்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாய். அந்தக் கப்பலில் இருந்த ஒரு வாய். கண்டோம் என்று சொன்னால் போதும்.

அல்லாஹ் அந்தக் கப்பலையே திருகோணமலைக்கு அனுப்பினான். நல்லெண்ண விஜயமாம். அதே இலக்கம். ஆணும் பெண்ணுமாக மாலுமிகள் காத்தான்குடிக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சாயம் பூசிக் கொடுப்பார்களாம், தண்ணீர் வடிகட்டி தருவார்களாம். பதிலுக்கு வியாபாரிகள் சங்கம் பகல் சாப்பாடு கொடுக்கப் போகிறது. சங்கத்தில் ஓடியாடுபவன் என் தம்பி இஷாம். செய்தியை அவன் எனக்கு மறைத்தான். போனில் ஊர்ப் பக்கங்களை மேயும் பெண்ணிடம் எதை மறைப்பது?

"பொம்புளப் பகுதிச் சாப்பாடு என்ட பொறுப்பு" என்றேன்.

"ராத்தா, வேணா" என்றான். "ஊர்ட மானம் கிடக்கு. விருந்தாளிய விருந்தாளியாத்தான் பாக்கணும்."

"நான் என்ன, கடிச்சா திங்கப் போறன்? சோறு போடப் போறன்."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அவன் பயம் எனக்கு விளங்கியது. ஏன் மறைக்க வேண்டும், அந்த எண்ணம் எனக்கு வராமல் இல்லை. எங்கள் வாவியில் நஞ்சுள்ள பேத்தை மீன் தாராளம். அதை எப்படிச் சமைக்கக்கூடாது என்பது இந்தக் கரையில் பிள்ளைகளுக்கும் தெரியும். எத்தனை ஏவுகணை இருந்தாலும் அந்தக் கப்பலில் இருப்பவனுக்கும் பசிக்கும்தானே? இரண்டு நாள் அந்த யோசனை எனக்கு ருசியாக இருந்தது. பிறகு விட்டுவிட்டேன். பாவத்துக்குப் பயந்து விட்டேன் என்று சொன்னால் பொய். செத்தவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், அதனால் விட்டேன்.

ஆரையம்பதிக்குப் போய் ரதீசின் மனைவி நிருஷாவிடம், விருந்தில் கப்பல்காரிகளிடம் கேட்கப் போகிறேன் என்று சொன்னேன். அவள் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கணவனின் சட்டைகளை இன்னும் மாதத்துக்கொரு தரம் துவைக்கிறாள்.

"நானும் வாறன் அக்கா" என்றாள். "ஆனா நான் அழுதிருவன்."

"அழு. கத்தாத. கத்தினா எழும்பிப் போயிருவாளுகள்."

மண்டபத்தை நடுவில் துணி கட்டிப் பிரித்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். எங்கள் ஊரில் விருந்து என்றால் சகன்தான். பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே கறிகளை அடுக்கி, சுற்றியிருந்து எல்லோரும் ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவோம். யாரும் யாருக்கும் தூரம் இல்லை. ஒருத்தியின் விரல் மற்றவளின் விரலில் படும். கண்ணைப் பார்க்காமல் சாப்பிட முடியாது. அதற்காகத்தான் நான் மேசையும் கதிரையும் வேண்டாம் என்று நின்றேன். நிருஷாவுக்காக ஒரு சகனில் மாட்டிறைச்சி போடாமல் கோழி மட்டும் வைத்தேன். அது என்னுடைய சகன்.

அந்தக் கப்பலிலிருந்து நாலு பெண்கள் வந்தார்கள். வெள்ளை உடுப்பு, சாயம் பூசின கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் விரல் இடுக்கில் மஞ்சள் சாயம். நான் கைகழுவத் தண்ணீர் ஊற்றியபடி சபூரா டீச்சரிடம் சொன்னேன்.

"டீச்சர், இவளுகள் கப்பல்ல என்ன வேல எண்டு ஒவ்வொருத்தியாக் கேளுங்க."

ஒருத்தி வைத்தியர். ஒருத்தி இயந்திர அறை. ஒருத்தி கணக்கு வழக்கு, சாமான். நாலாமவள் சின்னப் பெண், கன்னத்தில் வெயில் சுட்ட சிவப்பு. கமராவும் ராடரும் பார்க்கிற அறையில் வேலை என்றாள்.

"எவ்வளவு காலமா இந்தக் கப்பல்ல?"

"ரெண்டு வருசத்துக்கு மேலயாம்" என்றார் டீச்சர்.

அவள் தோளில் கைவைத்துக் கூட்டிக்கொண்டு போய் என் சகனில் இருத்தினேன். எனக்கு எதிரே அவள். ஒரு பக்கம் நிருஷா, மறுபக்கம் சபூரா டீச்சர். அவளுடைய பெயர் சட்டையில் தைத்திருந்தது. அதை எழுத்தெழுத்தாக டீச்சரிடம் கேட்டுப் பாடமாக்கினேன். இங்கே சொல்ல மாட்டேன். அதைச் சொல்கிற இடம் வேறு, தொழுதுவிட்டுக் கையேந்துகிற நேரத்தில் சொல்கிறேன்.

அவளுக்குக் கையால் சாப்பிடத் தெரியவில்லை. சோறு வாய்க்குப் போகும் வழியில் மடியில் கொட்டியது. தன்னைப் பார்த்துத் தானே சிரித்தாள். நிருஷா, பாவம், பழக்கதோஷத்தில் ஒரு பிடி பிசைந்து காட்டிக் கொடுத்தாள். அந்தப் பெண் அதைப் பார்த்துப் பிசைந்து, வாயில் போட்டு, கண்ணை மூடி ருசித்தாள். கத்தரிக்காய்ப் பொரியலை மூன்று தரம் எடுத்தாள். நல்ல பெண். எனக்கு அது பெரிய எரிச்சலாக இருந்தது. பேய் மாதிரி ஒருத்தி வருவாள் என்று வருடம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, எங்கள் வீட்டுக்காரர்கள் என்ன தொழில் என்று அவளே கேட்டாள்.

"கடல்" என்றேன். "செல்லுங்க டீச்சர், ஆழ்கடல் போட் எண்டு."

டீச்சர் சொன்னார். அவள் முகம் மலர்ந்தது. ஏதோ நீண்ட நாளாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்க ஆள் கிடைத்துவிட்டது என்பது போல முன்னால் சாய்ந்தாள். வலது கையில் சோறு, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி வீசிக் காட்டினாள். சபூரா டீச்சர் என்னைப் பார்த்தார்.

"என்னவாம் டீச்சர்?"

"இவ கேக்குறா... ஒங்கட போட்டுகள் பெரிய கப்பலக் கண்டா ஒதுங்காம, அதுக்கு நேர ஓடி வாறது என்னத்துக்காம்? சாரனக் கழட்டி வீசிக்கிட்டு."

நிருஷாவின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது.

இந்தக் கரையில் கடலுக்குப் போகிற எவனைக் கேட்டாலும் சொல்வான். வலை கடலில் மைல் கணக்காக மிதந்து கிடக்கும். கப்பல் அதன் மேல் ஏறினால் வலை துண்டு துண்டு, அத்தோடு தொழில் போச்சு. அதனால் கப்பல் நேரே வருகிறது என்று கண்டால் படகை வலையிலிருந்து அவிழ்த்துக்கொண்டு அதற்கு எதிரே பாய்ந்து போவார்கள். லாம்பைக் காட்டுவார்கள், லாம்பு இல்லாவிட்டால் சாரனைக் கழற்றி வீசுவார்கள். திரும்பு, வலை கிடக்கிறது, திரும்பு. சரக்குக் கப்பல்காரருக்கு இது பழக்கம். கொஞ்சம் திருப்பிக்கொண்டு, கண்டுவிட்டோம் என்று வெளிச்சம் அடிப்பார்கள். வெளிச்சம் அடித்தால் இவர்கள் இன்னும் கிட்டப் போவார்கள், பக்கத்தில் ஓடி வலையின் முனையைக் காட்டுவதற்கு.

இதை நான் அவளுக்குச் சொன்னேன். கோபப்படாமல், மெதுவாக, ஒரு பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன். டீச்சர் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் தலையாட்டினாள். பிறகு ஆட்டம் நின்றது.

"கேளுங்க டீச்சர். நீங்க வெளிச்சம் அடிச்சீங்களா எண்டு."

அவள் ஓம் என்று தலையசைத்துவிட்டாள். அசைத்த பிறகுதான் எதற்கு அசைத்தோம் என்று அவளுக்கு விளங்கியது. என் முகத்தையும் நிருஷாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கையை சகனிலிருந்து எடுக்கப் போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். என் கையில் நெய், அவள் கையில் நெய். இருந்தும் என் பிடி வழுக்கவில்லை.

"அடிச்ச. அடிச்சதும் அவங்க இன்னும் வேகமா வந்தாங்க. என்ன?"

"ஓமாம்" என்றார் டீச்சர்.

"மூணு பேர்."

"மூணு பேராம்."

"நான்தான் றுஸ்திட பொண்டாட்டி எண்டு செல்லுங்க. இவ ரதீசிட பொண்டாட்டி. ஒண்டையும் விடாம செல்லச் செல்லுங்க."

அவள் அழத் தொடங்கினாள். நான் விடவில்லை. அழுகை அவளுக்கு ஆறுதல், எனக்கு அது தேவையில்லை. அவள் அழுது அழுது சொன்னதை டீச்சர் துண்டு துண்டாக எங்களுக்குத் தந்தார்.

விளக்கோ சிக்னலோ இல்லாத சின்னப் படகு ஒன்று வேகமாக நேரே வருகிறது. அப்படி வெடிமருந்தோடு பாய்கிற படகுகளைப் பற்றித்தான் அவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் வயர்லசில் எச்சரித்தார்கள். வெளிச்சம் அடித்தார்கள். படகு நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் துப்பாக்கியைத் திருப்பினான். அந்தத் துப்பாக்கிக்கு ஆள் தேவையில்லை, திரையில் விரல் வைத்தால் போதும். கப்பல்காரர்களுக்குப் பிறகு சொல்லப்பட்டது, அது கடத்தல்காரர்களின் படகு என்று. யாரும் எதுவும் காணவில்லை என்றும் சொல்லப்பட்டது.

"தேங்காயக் காணுற கமராவில என்ட மனிசன எப்பிடிக் கண்ட? அதக் கேளுங்க."

டீச்சருக்குக் கேட்க மனம் வரவில்லை. நான் மணிக்கட்டை இறுக்கினேன்.

அந்தக் கமராவில் சூடுதான் தெரியுமாம். சூடானது வெள்ளை, குளிர்ந்தது கறுப்பு. படகு உடைந்த பிறகு தண்ணீருக்கு மேல் மூன்று வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மூன்று தலைகள். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிரு என்று அவளுக்கு உத்தரவு. கப்பல் தூரத்தில் நின்றது, கிட்டப் போனால் வெடிக்கும் என்ற பயத்தில். ஒரு புள்ளி கொஞ்ச நேரத்திலேயே மறைந்துவிட்டது. மற்ற இரண்டும் கிடந்தன. பிறகு ஒன்று மங்கி மங்கிக் கடலின் நிறத்துக்கு வந்தது. கடைசிப் புள்ளி விடியும்வரை இருந்தது.

"அது அவர்தான்!" நிருஷா கத்திவிட்டாள். கத்த வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன், ஆனால் அதை எப்படி அடக்குவது? "அது என்ட அவர்தான் அக்கா. அவர் வாவியில நீந்திப் பழகினவர். விடியுமட்டும் நீந்துவார். அவர்தான் அது."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்தக் கடைசிப் புள்ளி றுஸ்தியாக இருக்கக்கூடாதா என்று என் மனம் ஆசைப்பட்டது. அடுத்த நிமிடமே, இருக்கக்கூடாது யா அல்லாஹ், அவ்வளவு நேரம் அந்த மனிதன் தண்ணீருக்குள் கிடந்திருக்கக்கூடாது என்று கெஞ்சியது. எந்தப் புள்ளி யார் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். தெரியாது, முகம் தெரியாது என்றாள். இத்தனை கோடி கொட்டிச் செய்த கண்ணுக்கு முகம் தெரியவில்லை.

"ஒங்களுட்ட ஹெலிகொப்டர் இருந்திச்சி."

இருந்தது என்றாள்.

"அது என்னத்துக்கு? பூசணிக்காய் ஏத்தவா?"

அவள் தலையைக் குனிந்தாள். ஹெலிகொப்டரை அனுப்புவோமா என்று கப்பல் தலைவரிடம் கேட்டாளாம். அவர் வேண்டாம் என்றாராம். அவள் திரும்ப வந்து திரைக்கு முன்னால் இருந்துவிட்டாளாம்.

"எத்தின தரம் கேட்ட?"

டீச்சர் கேட்டார். அவள் ஒரு விரலைக் காட்டினாள். சோற்றுப் பருக்கை ஒட்டிய விரல்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எழுந்தேன். அவளையும் மணிக்கட்டோடு எழுப்பினேன். சுற்றியிருந்த சகன்களில் பெண்கள் எல்லாம் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கட்டியிருந்த துணியை இடது கையால் பிடித்து இழுத்தேன். கட்டினவன் நல்லாய்க் கட்டியிருந்தான் போல, இரண்டாம் இழுவையில்தான் அறுந்து விழுந்தது. அந்தப் பக்கம் ஆண்கள் வாயில் வைத்த சோற்றோடு எங்களைப் பார்த்தார்கள். கப்பலின் தலைவன் கால் மடிக்கத் தெரியாமல் பாறூக் ஹாஜிக்கு எதிரே சரிந்து இருந்தான். நெஞ்சில் பட்டை பட்டையாகப் பதக்கம்.

"ராத்தா!" இஷாம் பாய்ந்து வந்தான். "என்ன வேல இது? ஊர்ட மானம்!"

"மானத்தப் பொறகு பாப்பம். ஹாஜியார், கண்டவன் ஒருத்தன் வந்து செல்லட்டும் எண்டு சென்னீங்க. கண்டவள் வந்திருக்காள். கேளுங்க."

கப்பல் தலைவன் எழுந்து நின்றான். அந்தப் பெண்ணைப் பார்த்து அவர்களுடைய பாஷையில் ஒரே ஒரு சொல் சொன்னான். டீச்சர் மொழிபெயர்க்கத் தேவையே இல்லை, எந்த ஊரிலும் அந்தச் சொல்லை அந்தக் குரலில்தான் சொல்வார்கள். அவள் மணிக்கட்டுக்குள் நாடி துடிப்பது எனக்குக் கேட்பது போல இருந்தது. இவள் வாயை மூடிவிட்டால் நான் இனி எங்கே போவேன்? அந்த நிமிடம் அவளைக் கெஞ்சக்கூட நான் தயாராக இருந்தேன். அல்லாஹ் அந்த வெட்கத்திலிருந்து என்னைக் காப்பாற்றினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள். சபூரா டீச்சர் பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் பேசுகிற குரலில் ஒவ்வொரு வசனத்தையும் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி தமிழில் சொன்னார். படகைக் கண்டோம். சுட்டோம். மூன்று பேர் தண்ணீரில் கிடந்தார்கள். விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒருவரும் இல்லை.

மண்டபத்துக்குள் கண்ணீர் விடாத ஆண் யார் என்று நான் எண்ணவில்லை. கப்பல் தலைவன் மட்டும் இது விசாரிக்கப்படும் என்றோ என்னவோ சொல்லிவிட்டு, துடைக்காத கையோடு வெளியே நடந்தான். அவன் பின்னால் நான் சத்தம் போட்டேன். "ஓய், பேத்த மீன் போடாம விட்டன் எண்டு சந்தோசப்படு!" டீச்சர் அதை மொழிபெயர்க்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. போனில் படம் பிடித்த இருபது பேர் இருந்தார்கள். அது அன்று மாலைக்குள் உலகம் சுற்றியது. அவனுடைய பதக்கங்கள் இப்போது எங்கே கிடக்கின்றன என்று தெரியவில்லை. கழன்றுவிட்டதாக இஷாம் சொன்னான். பொய்யாக இருந்தாலும் அந்தச் செய்தி எனக்கு இனிக்கிறது.

பாறூக் ஹாஜி கை கழுவிவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"அசருக்குப் பொறகு காயிப் ஜனாஸா தொழுவம் மகள். நீ ஊட்ட போய் இத்தாவுக்கு இரி."

மையித்து இல்லாமல், உடல் இல்லாமல் தொழுகிற தொழுகை அது. ரியூனியன் கதை பேசின வாய்களும் அன்று வரிசையில் நிற்கப் போகின்றன. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஒரு வருடம் பிடித்து வைத்திருந்தது. நிருஷா என் தோளில் சாய்ந்திருந்தாள். றுக்ஷானாவுக்கு இனி ஒரு வாப்பா இருக்கிறார், மவுத்தான வாப்பா. அதைவிட நல்ல செய்தி என்னிடம் இல்லை.

வெளியே வாகனம் கோர்ன் அடித்தது. மற்ற மூன்று பெண்களும் போய்விட்டார்கள். அவள் போகவில்லை. துணி கிழிந்து கிடந்த இடத்தில் நின்றுகொண்டு சபூரா டீச்சரிடம் ஏதோ சொன்னாள்.

"நிஸ்மியா, இவ ஒன்னுட்ட மன்னிப்புக் கேக்குறா" என்றார் டீச்சர். அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. எல்லோருக்கும் அவள் மேல் இரக்கம் வந்துவிட்டது. தலைவனுக்கு முன்னால் உண்மை சொன்னவள்தானே? வேலையும் போகும், வேறு என்னென்ன போகுமோ? எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"ஏலாது எண்டு செல்லுங்க."

டீச்சர் சொன்னார். அவள் தலையாட்டினாள். போவதற்குத் திரும்பினாள். இரண்டு எட்டு வைத்தாள். பிறகு திரும்பி வந்தாள். இந்த முறை டீச்சரைப் பார்க்காமல் என்னையே பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டு, அதே சொல்லைத் திரும்பச் சொன்னாள்.

"திரும்பயும் கேக்குறா நிஸ்மியா."

"கேக்குது" என்றேன். "இந்த ரெண்டாந்தரம் கேக்குற வாய் அண்டைக்கு எங்க போயிருந்திச்சி எண்டு கேளுங்க."

டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேளுங்க டீச்சர்."

கேட்டார்.